வகுப்பு மதிப்பெண்ணும் பொதுத் தேர்வும்

(திருவரங்கத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே வட்டார வளர்ச்சி அலுவலர் மேடை ஏறுவது வழக்கம். மாணவர் பெறும் மதிப்பெண்ணைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டத்தின் பயனாக ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. பிற்காலத்தில் ஆசிரியர் நிர்வாகம் கல்வித் துறையிடம் சென்றது. எனினும் பள்ளியின் பெயர்ப் பலகையில் இன்றும் ‘ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி’ என்றே எழுதியிருக்கிறது. கூரை ஒழுகினால் எங்கள் அலுவலகத்துக்குத்தான் மனு வருகிறது. கட்டடம் நம்முடையதென்றால், அதனுள் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் எதிர்காலமும் நம்முடைய கவலையே என்று நான் கருதுகிறேன்.

இன்று இதைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் உடனடிக் காரணமும் உண்டு. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டுமென்று பல பள்ளிகளில் பேச்சு எழுந்துள்ளது. அதற்கு எந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இரண்டு கருத்துகள் என் காதுக்கு வந்தன. “வகுப்பாசிரியர் போட்ட மார்க்கைப் பார்த்து முதல் ஐந்து பேரை அனுப்பினால் போதும்” என்பது ஒன்று. “ஆசிரியர் மார்க்கை நம்ப முடியாது, எல்லோருக்கும் ஒரு முன்தேர்வு வைத்துத் தேறியவரை மட்டும் அனுப்புங்கள்” என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது சரியென்று ஆராயப் புகுந்தால், ஒரு மாணவனின் தகுதியை யார் அளப்பது, எதைக் கொண்டு அளப்பது என்னும் பெரிய கேள்வியில் போய் நிற்கிறோம்.

இரண்டு அளவுகள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. அங்கே 1836-ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்ட மேலணை இருக்கிறது. ஆற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை அணையின் அளவுகோல் காட்டும். அந்த எண்ணை மேட்டூரில் இருப்பவரும் கல்லணையில் இருப்பவரும் ஒரே பொருளில்தான் புரிந்துகொள்வர். அதுவே அளவுகோலின் சிறப்பு. ஆனால் கீழே ஒரு கிளை வாய்க்காலின் கடைமடையில் உள்ள வயலில் தண்ணீர் ஏறியதா, எந்த இடத்தில் கரை கசிகிறது என்பவற்றை அந்த எண் சொல்லாது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இரவு பகலாக வாய்க்காலைச் சுற்றி வருகிறாரே, அவரே அதை அறிவார்.

பொதுத் தேர்வு அணையின் அளவுகோலைப் போன்றது. ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. வகுப்பாசிரியரின் மதிப்பெண் வாய்க்காலைச் சுற்றி வருபவரின் அறிவைப் போன்றது. ஓராண்டில் ஏறத்தாழ இருநூறு நாட்கள் பிள்ளையைக் கண்ணெதிரே கண்டு பெற்ற அறிவு அது. நீர்ப்பாசனத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதை இங்குள்ள விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்வியிலோ, ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று வாதிடுகிறோம்.

முன்னோர் கண்ட அனுபவம்

இந்த வாதம் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவரே எல்லாம். பிள்ளை பாடத்தை முடித்தானா என்பதற்கு அவர் சொல்லே சான்று. ஆங்கிலேயர் காலத்தில் அரசு மானியம் வந்தபோது, ஆசிரியர் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க அரசு இசையவில்லை. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு ஒரு முறை நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் கிடைக்கும். அதே வகையான மானிய முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் இருந்தது. ஆய்வாளர் எதைக் கேட்பாரோ அதை மட்டும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதே பள்ளிகளின் வேலையாயிற்று. இறுதியில் அங்கும் இங்கும் அம்முறை கைவிடப்பட்டது. தேர்வின் முடிவோடு ஆசிரியரின் பிழைப்பைக் கட்டிவிட்டால், தேர்வு அளக்க வந்ததையே கெடுத்துவிடும் என்பது அன்று கிடைத்த பாடம்.

பிறகு 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்’ என்று ஒன்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததை நீங்கள் கண்டிருக்கலாம். அதைப் புத்தகம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பொதுத் தேர்வில் பெற்ற மதிப்பெண் மட்டும் அதில் இல்லை. பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் அதில் பதியப்பட்டன. ஆசிரியர் கண்டதும் அரசுத் தேர்வு கண்டதும் ஒரே சுவடியில் அருகருகே நிற்க வேண்டும் என்பதே அம்முறையை வகுத்தவர்களின் எண்ணம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மாகாணம் கண்ட இந்த வழியை இன்று மீண்டும் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

ஆசிரியர் மதிப்பெண்ணின் பலமும் பலவீனமும்

கணித மேதை இராமானுஜத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1904-இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கினார். இந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாலும் போதாது என்னும் கருத்தை அப்போது அவர் வெளிப்படுத்தினார். அதே மாணவர் கல்லூரி சேர்ந்த பின் கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமல் தவறினார். உதவித் தொகையை இழந்தார். 1907-இல் மீண்டும் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. பள்ளித் தலைமையாசிரியரின் கண்ணுக்குத் தெரிந்தது பல்கலைக்கழகத் தேர்வின் அளவுக்கு அகப்படவில்லை.

ஆனால் இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. கும்பகோணத்து ஆசிரியரின் சொல் கும்பகோணத்துக்கு வெளியே செல்லுபடியாகவில்லை. அவரை அறியாதவர்களுக்கு அச்சொல்லின் எடை தெரியாது. 1913-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பின்னரே இராமானுஜத்துக்கு வழி பிறந்தது. ஆசிரியரின் மதிப்பீடு ஆழமானது. ஆயினும் நெடுந்தூரம் செல்லாது.

அது எப்போதும் ஒரே சீராக இருப்பதுமில்லை. அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு ஸ்டார்ச், எலியட் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரே வடிவக் கணித விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 30-க்கும் குறைவாகப் போட்டவரும் உண்டு. 90-க்கும் மேல் போட்டவரும் உண்டு. விடைத்தாள் ஒன்றே, அதுவும் சரி, தவறு என்று தெளிவாகச் சொல்லக்கூடியது என்று நாம் நினைக்கும் கணிதம். ஒருவர் வழிமுறைக்கு மதிப்பெண் தந்தார்; ஒருவர் விடைக்கு மட்டுமே தந்தார்; ஒருவர் அழகாக எழுதாததற்குக் குறைத்தார். யாரும் நேர்மை தவறவில்லை. ஆனால் யார் திருத்தினார் என்பதைப் பொறுத்து அந்தப் பிள்ளையின் தலைவிதி மாறியிருக்கும்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் இது நிகழத்தான் செய்கிறது. அடக்கமாக அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் கூடுவதும், முதல் வரிசைப் பிள்ளையின் விடை கவனத்தோடு படிக்கப்படுவதும், அடிக்கடி விடுப்பு எடுப்பவன் மீது எரிச்சல் தோன்றுவதும் மனித இயல்பு. ஊரில் நிலவும் சாதி, செல்வ வேற்றுமைகள் பள்ளி வாசலிலேயே நின்றுவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. இதை ஆசிரியர்களைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. தராசு வைத்திருப்பவர் அவ்வப்போது தராசைச் சரிபார்ப்பது எல்லாத் தொழிலிலும் உள்ள ஒழுங்கு.

பொதுத் தேர்வின் பலமும் பலவீனமும்

துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பீகார் மாநிலத்து மாணவனும் மணப்பாறைப் பக்கத்து மாணவியும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். இருவரையும் பார்த்த ஆசிரியர் ஒருவரும் உலகில் இல்லை. ஒருவரையொருவர் அறியாதவரிடையே நீதி செய்ய வேண்டுமானால் பொது அளவுகோல் ஒன்று வேண்டும். தேர்வு எழுதுபவரின் பெயரும் ஊரும் சாதியும் தெரியாமல் விடைத்தாள் திருத்தப்படுவது எளிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பெரும் பாதுகாப்பு. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவனுக்குத் தேர்வே சிபாரிசு.

எனினும் அதற்கும் எல்லைகள் உள்ளன. தேர்வு ஒரு நாளை மட்டும் அளக்கிறது. அன்று காய்ச்சல் என்றால் அளவு தவறிவிடும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் 180 வினாக்கள் இருந்தால், ஒன்றும் அறியாதவன் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 45 விடைகள் சரியாக அமையும். ஆகவே ஓரிரு மதிப்பெண் வேறுபாட்டை வைத்துக்கொண்டு இவன் அறிவாளி, அவன் மந்தம் என்று முடிவு கட்டுவது அறியாமை. எல்லாவற்றுக்கும் மேலாக, வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம்; அதற்கு ஆயத்தம் செய்யும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

நம் மாநிலத்தில் தொழிற்கல்விச் சேர்க்கையின் வரலாறு இதை விளக்கும். 1984-ஆம் ஆண்டு முதல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு நடந்துவந்தது. ஊரகப் பிள்ளைகளுக்கு அது பாதகமாக இருக்கிறதென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நீக்கப்பட்டு, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையாயிற்று. 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் கீழ் வந்தது. வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களை ஒப்பிட இயலாது, ஆகவே பொதுத் தேர்வு ஒன்று வேண்டும் என்பது அதை ஆதரிப்போர் கூறும் காரணம். 2021-இல் அறிக்கை தந்த நீதிபதி ஏ. கே. இராஜன் குழு, அத்தேர்வு வந்த பின் ஊரக மாணவர், தமிழ்வழி மாணவர் ஆகியோரின் பங்கு குறைந்ததாகக் கண்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. இதன் அரசியலுக்குள் நான் போக வேண்டியதில்லை. நாம் அறிய வேண்டியது ஒன்றே: பிள்ளைகள் அதே பிள்ளைகள்தாம், அளவுகோலை மாற்றினால் உள்ளே செல்பவர் மாறுகிறார்கள். அளவுகோல் எதுவும் முற்றிலும் நடுநிலையானதன்று.

வெளிநாடுகளிலும் இதே குழப்பம் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பொது நுழைவுத் தேர்வு வசதி படைத்தவர்க்கே சாதகமானது என்னும் விமரிசனம் வலுத்ததால், 2020-இல் அதைக் கைவிட முடிவு செய்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ, வசதியற்ற பள்ளிகளிலிருந்து வரும் திறமைசாலிகளைக் கண்டுபிடிக்க அத்தேர்வு உதவுகிறது என்று கூறி 2022-இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. இரு தரப்பும் ஏழை மாணவனின் பெயராலேயே வாதாடின என்பது கருதத்தக்கது.

தேர்வு இல்லாத ஆண்டுகள்

கொரோனா நோய் பரவிய காலத்தில், வேண்டியோ வேண்டாமலோ, நாம் ஒரு சோதனைக்கு உள்ளானோம். 2020-இல் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு இரத்தாயிற்று. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கணக்கிட்டு மதிப்பெண் தரப்பட்டது. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் இரத்தாயிற்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50, பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள்.

அந்த நாளில்தான் பள்ளிப் பதிவேட்டின் அருமை பலருக்கும் புரிந்தது. அரையாண்டு விடைத்தாள் எங்கே, வருகைப் பதிவேடு எங்கே என்று தேடினார்கள். வழக்கமாக எடைக்குப் போகும் தாள்கள் ஒரு பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழாக மாறின. பாடம் நடந்த நாட்களில் ஆசிரியர் ஒழுங்காகத் திருத்திப் பதிந்து வைத்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைத்தது.

அதே 2020-இல் இங்கிலாந்தில் வேறொரு வழியை நாடினார்கள். ஆசிரியர்கள் அளித்த மதிப்பீட்டை அப்படியே ஏற்காமல், அந்தந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளைக் கொண்டு கணக்கீட்டு முறை ஒன்றால் திருத்தினார்கள். ஆகஸ்டு 13 அன்று முடிவு வந்தபோது, ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. முன்னர் நல்ல முடிவு காட்டாத பள்ளியில் படித்த சிறந்த மாணவன், தன் பள்ளியின் பழைய கணக்குக்காகத் தண்டிக்கப்பட்டான். எதிர்ப்பு வலுத்தது, நான்கே நாட்களில், ஆகஸ்டு 17 அன்று, அம்முறை திரும்பப் பெறப்பட்டு ஆசிரியர் மதிப்பீடே ஏற்கப்பட்டது. ஆசிரியரை நம்பாமல் எண்களை மட்டும் நம்பியதன் விளைவு அது. ஆசிரியர் மதிப்பீட்டைச் சரிபார்ப்பது வேண்டும்; ஆனால் அது மாணவனின் தாளைப் பார்த்துச் செய்யப்பட வேண்டும், பள்ளியின் பெயரைப் பார்த்தன்று.

நம் கையில் உள்ள வாய்ப்பு

இனி நாம் தொடங்கிய செய்திக்கு வருவோம். வருவாய்வழித் திறன் தேர்வுத் திட்டம் 2008-இல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உரியது. குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 6,695 இடங்கள். வாழைத்தார் சுமந்து கூலி வாங்கும் குடும்பத்தில், பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்துவதா, மேலே படிக்க வைப்பதா என்ற முடிவை இத்தொகை மாற்றக்கூடும்.

இத்திட்டத்தின் வாயில்களைச் சற்றுக் கவனியுங்கள். தேர்வு எழுத வேண்டுமானால் ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. அந்த மதிப்பெண் போடுபவர் வகுப்பாசிரியர். அதன்பின் மனத்திறன் வினாக்கள் 90, பாட வினாக்கள் 90. அது பொதுத் தேர்வு. தேர்ச்சி பெற்ற பின் ஒன்பதாம் வகுப்பில் தவறாமல் மேலே செல்ல வேண்டும். அது மீண்டும் ஆசிரியர் கையில். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 60 விழுக்காடு பெற்றால்தான் மேலும் இரண்டாண்டுகள் உதவி தொடரும். அங்கும் அதே ஐந்து விழுக்காட்டுத் தளர்வு உண்டு. ஆசிரியரின் அளவும் பொதுத் தேர்வின் அளவும் மாறி மாறி நிற்கும் நான்கு வாயில்கள் இவை. ஒன்று அடைபட்டாலும் பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதான்.

நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிந்த இருவரைச் சொல்கிறேன். மாணவி ஒருத்தி வகுப்பில் எப்போதும் முதலிடம். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கேட்ட பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அவள் திறன் தேர்வில் தேறவில்லை. மாணவன் ஒருவன் வகுப்பில் நடுத்தரம். தார் வெட்டும் நாட்களில் தந்தையுடன் தோட்டத்துக்குப் போய்விடுவதால் விடுப்பும் மிகுதி. அவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். தார்களை எண்ணி, கழிவு நீக்கி, வண்டி வாடகை பிடித்துக் கணக்குச் சொல்வது அவனுக்குத் தினசரிப் பழக்கம். வகுப்புத் தேர்வில் அதைக் கேட்பார் இல்லை. முதல் ஐந்து பேரை மட்டும் அனுப்பியிருந்தால் அவன் தேர்வு அறையையே கண்டிருக்க மாட்டான்.

இதைக் கேட்டு ஆசிரியர் மதிப்பெண் பொய், தேர்வே மெய் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். அந்த மாணவி பிற்பாடு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சிறப்பாகத் தேறினாள். அவளுடைய விடாமுயற்சியையும் ஒழுங்கையும் ஆசிரியர் சரியாகவே அளந்திருந்தார். இரண்டு அளவுகளும் இரண்டு வேறு குணங்களைக் கண்டன, இரண்டும் உண்மையே. இரண்டும் முரண்படும் இடத்தில்தான் அந்தப் பிள்ளையைப் பற்றி நாம் இதுவரை அறியாத ஒன்று இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே என் வேண்டுகோள்கள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, பயிற்சி வகுப்புக்கு முன்தேர்வும் வேண்டாம், முதல் ஐந்து பேர் என்ற கணக்கும் வேண்டாம். விதிப்படி தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சிக்கு வரட்டும், தேர்வும் எழுதட்டும். வாயிலைத் திறந்து வைக்க வேண்டிய நாமே அதற்கு முன் இன்னொரு கதவு போடலாகாது.

இரண்டாவதாக, ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்தவுடன், 55 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளின் பட்டியலை ஆசிரியர்கள் எடுக்க வேண்டும். ஆண்டு முடிந்த பின் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது முறையன்று. அது தகுதியுள்ள வேறொரு பிள்ளைக்கும், அந்தப் பிள்ளைக்குமே செய்யும் தீங்கு. ஆண்டு நடக்கும்போதே கற்றுக் கொடுத்து உயர்த்துவது முறை. விடுப்பினால் பின்தங்கியவன் யார், புரியாமல் பின்தங்கியவன் யார் என்பதைப் பொதுத் தேர்வு பிரித்துக் காட்டாது. ஆசிரியர் ஒருவரே காட்ட முடியும். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் சிறு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பாடம் நடத்துவதை நீங்கள் அறிவீர்கள். வரிசைப்படுத்துவதற்காக அன்றிக் கற்பிப்பதற்காகவே அங்கு மதிப்பீடு நடைபெறுகிறது. வகுப்பு மதிப்பெண்ணின் உண்மையான பயன் அதுவே. ஏழாம் வகுப்பிலும் அந்த நோக்கம் வேண்டும்.

மூன்றாவதாக, குறுவள மையக் கூட்டங்களில் ஒரு பள்ளியின் விடைத்தாள்கள் சிலவற்றைப் பெயரை மறைத்து மற்றொரு பள்ளி ஆசிரியர் திருத்திப் பார்க்கலாம். பருவத்துக்கு ஒரு முறை, ஒரு பாடத்துக்குப் பத்துத் தாள்கள் போதும். இரு மதிப்பெண்களும் பெரிதும் வேறுபட்டால், ஏன் என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். இதற்குச் செலவு இல்லை. மேலதிகாரிக்கு அறிக்கையும் வேண்டாம். சில ஆண்டுகளில் நம் பள்ளிகளின் 55 என்பது எல்லாப் பள்ளியிலும் ஏறத்தாழ ஒரே 55 ஆக விளங்கும். வட்டாரக் கல்வி அலுவலர் இசைந்தால் இதை உடனே தொடங்கலாம்.

நான்காவதாக, மதிப்பெண்ணுக்கு அருகே ஒரு வரி எழுதி வையுங்கள். ‘மனக்கணக்கில் வல்லவன், எழுத்தில் தயக்கம்’ என்று ஒரு வரி இருந்தால், அடுத்த ஆண்டு வரும் ஆசிரியர்க்கு அது நூறு எண்களைவிடப் பயன்படும். விடைத்தாள்களையும் ஓராண்டு வரையிலாவது பத்திரமாக வையுங்கள். 2020-ஐப் போன்ற ஆண்டு மீண்டும் வராதிருக்கட்டும். வந்தாலும் நம் பிள்ளைகள் தவிக்காதிருக்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். தேர்ச்சி அட்டையில் கையொப்பம் இடுவதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மார்க்கு என்று கேட்பதற்கு முன், எந்தக் கணக்கு வரவில்லை என்று கேளுங்கள். தேர்வில் தேறாத பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையே 2017 முதல் பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதை நாம் தெருத் திண்ணையில் தொடர வேண்டாம்.

எங்கள் பொறுப்பில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படித்தும் உதவித் தொகை கைக்கு வராமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து வேறு, வருமானச் சான்று காலாவதி என்று காகிதத்திலேயே வாய்ப்பு கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு நாள் ஒதுக்கி, எங்கள் ஊராட்சிச் செயலர் அங்கு வந்து இச்சான்றுகளைச் சரிபார்த்து, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க உதவுவார். மாலைப் பயிற்சிக்கு இடம் இல்லாத ஊர்களில் ஊராட்சிக் கட்டடத்தைத் திறந்து கொடுக்கவும், விளக்கும் குடிநீரும் தரவும் ஏற்பாடு செய்வேன். பாடம் நடத்துவது ஆசிரியர் கடமை. பாடம் நடக்க இடம் கொடுப்பது என் கடமை.

அன்பர்களே! பொதுத் தேர்வு நம் பிள்ளையை அறியாத உலகத்திடம் அவனுக்காகப் பேசுகிறது. வகுப்பு மதிப்பெண் அவனை அறிந்தவர் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விலக்காமல், ஒன்றால் மற்றொன்றைத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை. இந்த ஆண்டு நம் வட்டாரத்தில் தகுதியுள்ள ஒரு பிள்ளையாவது, யாரும் விண்ணப்பம் எழுதித் தராததால் தேர்வு எழுதவில்லை என்ற சொல் எழாதிருக்க நாம் எல்லோரும் சேர்ந்து உழைப்போம்.